அம்மாட தண்ணி

சென்ற வாரம் சுகிர்தாவின் கன்னத்தோடு நிறுத்தியிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை பிள்ளை எழும்பும்போது வலப்பக்கக் கன்னம் பணியாரம் போல உப்பியிருந்தது. அன்னப்பூரணி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரையம்பதி டிஸ்பென்சரிக்கு ஓடினாள். அங்கே மருந்து கொடுத்தவர், "வீக்கம் வத்தினதும் டவுணுக்குக் கொண்டுபோய்ப் பல்லக் கழட்டிப்போடுங்க" என்று ஒரு துண்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீக்கம் வற்றிவிட்டது. செவ்வாய்க்கிழமையும் விடிந்துவிட்டது.

ஒரே நாளில் இரண்டு காரியம் வந்து விழுந்ததுதான் அன்னப்பூரணிக்குச் சோதனை. காலையில் டவுணில் பல் கிளினிக். பின்னேரம் மூன்று மணிக்கு அதே டவுணில், கொமினிக்கேசன் கடையில், குவைத்திலிருந்து தங்கச்சி புஸ்பத்தின் அழைப்பு. மாதத்தின் கடைசிச் செவ்வாயில் மட்டும் வருகிற அழைப்பு அது. தவறவிட்டால் இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும்.

சுகிர்தாவைப் பெற்றவள் புஸ்பம். அவளுடைய புருசன் நல்லரத்தினம் விறகு வெட்டப் போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை. ஒரு வருடம் ஆமிக் காம்ப் காம்பாக ஏறி இறங்கித் தேடிக் களைத்த பிறகு, ஒன்றரை வயதுப் பிள்ளையை அக்காவின் மடியில் இருத்திவிட்டு, வீட்டு வேலைக்கென்று பிளேன் ஏறினாள். மூன்று வருடம் ஓடிவிட்டது. வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. வருவாளா, இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பம் வைப்பாளா என்று இன்னும் தெரியாது.

"இஞ்சேரு பூரணம்," என்றார் அவள் புருசன் வினாயகமூர்த்தி. வாவியிலிருந்து வந்த ஈரச் சாரத்தோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "புஸ்பத்துக்கிட்ட பல்லுக் கதைய எடுத்திராத."

அன்னப்பூரணி அடுப்பை ஊதினாள்.

"அங்க இரிக்கிறவள ஏன்கா குழப்புற? பால்பல்லுதானே. விழுந்தா முளைக்கும்."

"மறுகா அவ வந்து பாத்துக் கேட்டா?"

"வரக்குள்ள பாத்துக்குவம்."

எந்தச் சிக்கலுக்கும் வினாயகமூர்த்தியிடம் இருந்த ஒரே மருந்து இதுதான். நல்ல மனிதர். பிள்ளை அழுதால் மட்டும் தாங்கமாட்டார். அந்தத் தாங்கமாட்டாத குணம் அன்றைக்கு என்ன செய்துவைத்தது என்பதைப் பாலத்தடியில் பார்க்கத்தான் போகிறோம்.

அலுமாரி மேல் மூன்று தகரப் பேணிகள் இருந்தன. எல்லாவற்றிலும் பாதியாக வெட்டிய தோடம்பழத்தின் படம். தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினால் ஆரஞ்சு நிறமும் வாசமும் தூக்கி அடிக்கும் சீனித் தூள். குவைத்திலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர்கள் கையில் புஸ்பம் இரண்டு பேணி கொடுத்தனுப்பாமல் விடமாட்டாள்.

புஸ்பம் போன புதிதில் பிள்ளை இரவிரவாக அழுதது. இருட்டிய பிறகு விளக்கு எரிந்தாலே ஏன் எரிகிறது என்று கேள்வி வருகிற காலம். ரோட்டு வளைவில் காம்ப். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்தவும் மனம் வரவில்லை, அழவிடவும் துணிவு வரவில்லை. அப்போதுதான் முதல் பேணி வந்தது. சூப்பிப் போத்தலில் கரைத்து, "இந்தா புள்ள, அம்மாட தண்ணி. அம்மா உனக்கெண்டு அனுப்பின" என்று அன்னப்பூரணி வாயில் வைத்தாள். பிள்ளை சூப்பியது, நிறுத்தியது, அப்படியே தூங்கிப்போனது.

அன்றிலிருந்து அதற்குப் பெயர் அம்மாட தண்ணி. சூப்பி மாறி மூடிப் போத்தலானது. பெயர் மாறவில்லை. பகல் முழுக்க அது கழுத்தில் தொங்கும், இரவில் வாயில் இருக்கும்.

முன்பல்லில் மண்ணிறம் கண்டது போன வருடம். பிறகு கறுத்தது. பிறகு உடைந்தது. சீனியால்தான் என்று அன்னப்பூரணிக்கு விளங்கியது. அதனால் தூளைப் பாதியாகக் குறைத்தாள். அது போதும் என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள் என்று சொன்னால்தான் உண்மை.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளையைப் படம் பிடித்துக் குவைத்துக்கு அனுப்புவது வழக்கம். போன முறை ஸ்டூடியோவில், "வாய மூடிக்கிட்டு சிரி புள்ள" என்று சொல்லிக்கொடுத்தாள். பதில் கடிதத்தில் புஸ்பம் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாள். "என்ட பிள்ளை ஏன் அக்கா சிரிக்குதில்லை? அவளுக்கு ஏதும் கவலையா?"

அந்தக் கடிதத்தை அன்னப்பூரணி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். பதினான்கு வருடமாகப் பிள்ளை இல்லாத வீடு அது. உண்மையைச் சொன்னால் தங்கச்சி கோபப்படுவாள் என்பதுகூட அவளுக்குப் பெரிதில்லை. பிள்ளை பெறாதவளுக்கு வளர்க்க எங்கே தெரியப்போகிறது என்று அவள் ஒரு கணம் நினைத்துவிட்டாலே போதும். அதைத் தாங்க முடியாது.

அன்று காலை போத்தலில் வெறும் தண்ணீரை நிரப்பினாள். மூன்று வருடத்தில் முதல் தடவை.

பஸ் காத்தான்குடி தாண்டி, கல்லடி தாண்டி, பாலத்தடியில் நின்றது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் நடந்தார்கள். அது பழகிய நடை. யார் யாருக்கு முன்னால் நிற்பது, எந்தப் பையை முதலில் திறப்பது எல்லாம் கால்களுக்கே தெரியும்.

காவல் சென்றியில் இருந்த ஆமிக்காரனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. சுகிர்தாவின் கழுத்திலிருந்த போத்தலைத் தூக்கி வெயிலில் ஆட்டிப் பார்த்தான்.

"நங்கி, குடி. பொன்ன," என்று தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் சிங்களமும் தமிழும் கலந்து சொன்னான்.

தண்ணீர் போல் தெரிகிற எதையும் கொண்டுவந்தவர்தான் குடித்துக் காட்ட வேண்டும். அது அங்கே சட்டம். சுகிர்தாவுக்கும் அது தெரியும். எத்தனை தடவை குடித்துக் காட்டியிருக்கிறாள்! போத்தலை வாங்கி ஒரு வாய் உறிஞ்சினாள். முகம் கோணியது. நிலத்தில் துப்பினாள்.

"இது அம்மாட தண்ணி இல்ல!"

ஆமிக்காரனின் முகம் மாறியது. பிள்ளை துப்புகிற தண்ணீரில் என்ன இருக்கிறது? பின்னால் நின்ற இன்னொருவனைக் கூப்பிட்டான். வரிசை அமைதியானது.

"பச்சைத் தண்ணி ஐயா. கிணத்துத் தண்ணி," என்றாள் அன்னப்பூரணி. "நான் குடிக்கன், பாருங்க."

அவள் குடித்தாள். போதவில்லை. பையைக் கொட்டச் சொன்னார்கள். துவாய், கிளினிக் துண்டு, பிள்ளையின் மாற்றுச் சட்டை. சட்டைக்குள்ளிருந்து ஒரு கடதாசிச் சரை விழுந்தது. பிரித்தால் செம்மஞ்சள் தூள்.

அதைச் சுருட்டி வைத்த கை யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. வீட்டில் பிள்ளை அழுவதைத் தாங்கமாட்டாத மனிதர் ஒருவர்தானே இருக்கிறார்!

ஆமிக்காரன் தூளை மணந்தான். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தான். சட்டென்று அவனுடைய முகம் சின்னப் பையனின் முகமானது.

"தொடம்!" என்று தோடம்பழத்தின் சிங்களப் பெயரை மற்றவனிடம் சொல்லிச் சிரித்தான். அவனே போத்தலின் மூடியைத் திறந்து, முழுச் சரையையும் கொட்டி, குலுக்கி, சுகிர்தாவின் கையில் கொடுத்தான். "இப்ப குடி நங்கி."

சுகிர்தா குடித்தாள். மடக்கு மடக்கென்று, கண்ணை மூடிக்கொண்டு, தாடையில் வழிய வழியக் குடித்தாள். வரிசையில் நின்றவர்கள் மூச்சுவிட்டுச் சிரித்தார்கள். அட்டை திரும்பக் கைக்கு வந்தது.

பல் கழட்டப் போகிற பிள்ளைக்கு, துவக்குப் பிடித்த ஒருவன் அன்பாகக் கரைத்துக் கொடுத்த சீனித் தண்ணீர். அன்னப்பூரணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பாலத்தைக் கடக்கிறவரை பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கிளினிக்கில் பல் பார்க்க இருந்தவர் நஸீறா மிஸ். காத்தான்குடிக்காரி. அன்னப்பூரணியைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். துண்டை வாசித்துவிட்டுப் பிள்ளையைக் கதிரையில் ஏற்றினார்.

"புள்ள வழமையா என்ன குடிக்கிற அக்கா?"

"தண்ணிதான் மிஸ்."

"வேற?"

"வேற ஒண்டுமில்ல. தண்ணிதான்."

"நல்லம். எங்க மகள், ஆ காட்டுங்க."

சுகிர்தா ஆ காட்டினாள். நாக்கு, உதடு, மேல் வாய் எல்லாம் பளிச்சென்று செம்மஞ்சள்.

நஸீறா மிஸ் நாக்கைப் பார்த்தார். அன்னப்பூரணியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதில்தான் அன்னப்பூரணிக்கு முகம் எரிந்தது.

"அது அம்மாட தண்ணி," என்று சுகிர்தாவே சொல்லிக்கொடுத்தாள். "குவைத்தில இருந்து அம்மா அனுப்பின."

மரக்கிற ஊசி போட்டு, அது பிடிக்கிறவரை பிள்ளையை வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, நஸீறா மிஸ் அன்னப்பூரணியின் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"எங்கட ஊரில வீட்டுக்கு வீடு இந்தப் பேணி இரிக்கி அக்கா. சவுதிப் பேணி, கட்டார்ப் பேணி. படத்தில பழம் கிடக்கு, சத்தெண்டு நெனைக்காங்க. எண்ட கூடப்பிறந்த ராத்தாட புள்ளைக்கும் நாலு பல்லுக் கழட்டினன். என்னோட ஒரு மாசம் கதைக்கல்ல அவ."

"நான் தூளக் குறைச்சன் மிஸ். பாதிதான் போடுறன்."

"நாளைக்கு எத்தின தரம் குடிக்கிற?"

அன்னப்பூரணி கணக்குப் பார்க்க முயன்றாள். காலையில் கழுத்தில் ஏறுகிற போத்தல் எப்போது இறங்கியது?

"அதுதான் அக்கா விசயம். ஒருக்கா குடிச்சா அரை மணித்தியாலம் பல்லு புளிப்பில நிக்கும். மறுகா எச்சில் கழுவி ஆத்திரும். நீங்க குறைச்சுக் கரைச்சு நாள் முழுக்கக் குடுத்தா, ஆற எங்க நேரம்? ராவைக்கு நித்திரையில எச்சிலும் ஊறாது. விடியுமட்டும் சீனி பல்லிலதான் நிக்கும்."

"பால்பல்லுதானே எண்டு இவர் சொல்றார்…"

"பால்பல்லுதான் பின்னுக்கு வாற பல்லுக்கு இடம் பிடிச்சு வெச்சிரிக்கிற. நேரத்தோட போனா மத்தது கோணிக்கிட்டு வரும். சீழ் பிடிச்சா கீழ இரிக்கிற பல்லையும் பழுதாக்கும்."

அன்னப்பூரணி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப என்னத்தக் குடுக்கிற மிஸ்?"

"தண்ணி. சீனி போடாத பால். தயிர் விக்கிற ஊரில பாலுக்கென்ன பஞ்சம்? சாப்பாட்டோட குடுங்க. இளநீர் குடிக்க ஆசைப்பட்டா எப்பயாவது, சோத்துக்குப் பிறகு. தோடம்பழம் கிடைச்சா உரிச்சுக் குடுங்க, கரைச்சுக் குடுக்காதீங்க. எதக் குடுத்தாலும் கிளாஸில. இந்தப் போத்தல விட்டிருங்க. படுக்கப் போகக்குள்ள பல்லுத் தீட்டினா, மறுகா தண்ணியத் தவிர ஒண்டும் வேணாம்."

சொல்லும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது! தண்ணி, பால், கிளாஸ். ஆனால் இரவு பத்து மணிக்கு அம்மா எங்கே என்று கேட்கிற பிள்ளைக்குக் கிளாஸில் எதை ஊற்றிக் கொடுப்பது? அதை அன்னப்பூரணி கேட்கவில்லை. நஸீறா மிஸ்ஸிடமும் அதற்கு மருந்து இருந்திருக்காது.

பல் கழன்றது. சுகிர்தா அலறிய அலறலில் வெளியில் நின்ற காகங்கள் எழும்பின. அரிசி மணியளவு கூட வேர் இல்லாத பல். பஞ்சைக் கடித்துக்கொண்டு, போத்தலைக் கையால் தடவிக்கொண்டு பிள்ளை பெரியம்மாவின் தோளில் சாய்ந்தது. உள்ளே மிச்சமிருந்ததை அன்னப்பூரணி கிளினிக் வாசல் மரத்தடியில் ஊற்றினாள். எறும்புகள் உடனே வந்தன.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கொமினிக்கேசன் கடையில் தொலைபேசி அடித்தது.

"அக்கா?"

"ஓம் புஸ்பம்."

"புள்ள பக்கத்தில நிக்காளா? நல்லா இரிக்காளா?"

வரக்குள்ள பாத்துக்குவம் என்ற வினாயகமூர்த்தியின் குரல் காதுக்குள் கேட்டது. நல்லா இரிக்காள் என்று இரண்டு சொல் சொன்னால் இந்த மாதம் தப்பலாம். அன்னப்பூரணி சுகிர்தாவைப் பார்த்தாள். மரத்த உதட்டைப் பிள்ளை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புஸ்பம், இண்டைக்கு அவளுக்கு ஒரு பல்லுக் கழட்டின. சூத்தை. முன்பல்லு நாலும் கறுத்துப்போச்சு. நான்தான் காரணம். நீ அனுப்பின தூளக் கரைச்சு ராவு பகலாக் குடுத்துப்போட்டன். அழக்குள்ள எனக்கு வேற ஒண்டும் தெரியல்ல. போட்டோவில வாய மூடச் சொன்னதும் நான்தான். அவளுக்குக் கவலை ஒண்டுமில்ல. நல்லாச் சிரிப்பாள்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நின்றாள். மறுபக்கத்தில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள். பிறகு மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"அக்கா, இந்த வீட்டில ரெண்டு புள்ளையள். ராவைக்கு நான்தான் பல்லுத் தீட்டிவிடுற. தீட்டினாப் பிறகு தண்ணியத் தவிர ஒண்டும் குடுக்கப்படாதெண்டு வீட்டுக்கார மெடத்திட கட்டளை. அவட சொந்தக்காரர் அந்தப் பேணியக் கொண்டுவந்தா, புள்ளையள்ற கண்ணிலயும் காட்டமாட்டா. பல்லுக்குக் கூடாதாம். எனக்கிட்டத் தந்திருவா."

அன்னப்பூரணி தொலைபேசியை இறுக்கிப் பிடித்தாள்.

"நான் அத என்ட புள்ளைக்கு அனுப்பினன் அக்கா."

"தெரிஞ்சா அனுப்பின?"

"மனசில குத்தினதான். ஆனா வேற என்னத்த அனுப்புற? அவள் என்னைய மறந்திருவாளோ எண்ட பயம் எனக்கு. நீங்க கடிதத்தில எழுதினீங்களே, அம்மாட தண்ணி எண்டு கேட்டுக் குடிக்கிறாள் எண்டு. அத எத்தின தரம் வாசிச்சன் தெரியுமா?"

அன்னப்பூரணிக்கு மனம் லேசாகவில்லை. பழி பாதியாகப் பிரிந்ததே என்று ஆறுதலும் வரவில்லை. மறு கரையில் யாரோ பிள்ளைகளின் பல்லைத் தீட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிற தங்கச்சியை நினைக்க நெஞ்சு வலித்தது. அவ்வளவுதான்.

"அவளோட நீயே கதை," என்று பிள்ளையின் காதில் வைத்தாள்.

சுகிர்தா பேசவில்லை. கேட்டாள். தலையை ஆட்டினாள். தலையாட்டல் குவைத்துக்குத் தெரியாது என்று கடைக்காரர் பாறூக் சிரித்தார். பிறகு பிள்ளை பாறூக்கிடம் திரும்பி, மரத்த வாயால், "ஒரு கிளாஸ் தண்ணி தாங்க" என்றது.

பாறூக் குடத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தார். பாதி தாடையில் வழிந்தது. பாதி உள்ளே போனது. துப்பவில்லை.

"அம்மாவும் அங்க இப்ப இதத்தான் குடிக்கிறாவாம்," என்று பெரியம்மாவிடம் அறிவித்தாள். "பல்லுத் தீட்டிப்போட்டு ராவைக்கும் குடிப்பாவாம். என்னையும் குடிக்கட்டாம்."

அன்னப்பூரணி தொலைபேசியை வாங்கினாள்.

"அக்கா, இன்னொரு விசயம் சொல்லோணும். நேத்து ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து…"

லைன் அறுந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அடிக்கவில்லை. நாலரை பஸ்ஸை விட்டால் பாலத்தில் பின்னேரச் சோதனை தொடங்கிவிடும். பிறகு ஆரையம்பதி போய்ச் சேருவது அவரவர் பாடு.

வெளியே வந்தவள் நின்றாள். அடுத்த கதவு ஸ்டூடியோ. போன முறை போட்டோ எடுத்த அதே இடம். பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒரு படம். சுறுக்கா எடுங்க தம்பி, பஸ்ஸுக்கு நேரமாகுது."

சுகிர்தா ஸ்டூலில் ஏறினாள். நீல வானம் வரைந்த திரை பின்னால். கமராக்காரர் "சிரிங்க மகள்" என்றதும் பிள்ளையின் கை தானாக மேலே வந்து வாயை மூடிக்கொண்டது. விரல்களுக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன.

இதைப் பழக்கியது யார்? ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுத்தது இவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறதே!

அன்னப்பூரணி முன்னால் போய்க் குந்தி, பிள்ளையின் கையை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"திறந்து சிரி புள்ள."

"வாய மூடச் சொன்ன நீங்கதானே?"

"ஓம். நான் சொன்னது பிழை."

"கறுப்புப் பல்லு தெரியும்."

"தெரியட்டும். அம்மா பாக்கட்டும்."

சுகிர்தா கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு பக்கம் மரத்து, ஒரு பக்கம் கோணி, கறுப்பும் ஓட்டையும் எல்லாம் தெரிய வாயைத் திறந்து சிரித்தாள். லைட் மின்னியது.

வெளியில் ஆரையம்பதி பஸ் ஹோன் அடித்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அன்னப்பூரணி வாசலுக்கு வந்தபோது, பாறூக் தன் கடைக்கு வெளியே நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஓடி வாங்க! குவைத். ஆனா உங்கட தங்கச்சி இல்ல. அவட மெடமாம். இங்கிலீசில உங்கட பேரச் சொல்லிக் கேக்கா."